கடல் கடந்த கல்யாணக் கணக்கு

பொருள் ஈட்டுவது ஒரு நாட்டிலும் பந்தக்கால் ஊன்றுவது மற்றொரு நாட்டிலுமாக நடைபெறும் திருமணம், சிங்கப்பூரிலும் துபாயிலும் டொராண்டோவிலும் வாழும் இன்றைய குடும்பங்கள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணப்படுவதுண்டு. ஆனால், அத்தகைய திருமணத்துக்கான செலவுத் திட்டத்தை ஏட்டில் எழுதி, வட்டியோடு கூட்டி, தலைமுறை தாண்டியும் சரிபார்த்துக்கொள்ளும் முறையைப் பர்மாவில் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செம்மைப்படுத்தியிருந்தனர். இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூனின் ஆற்றுக்குத் தெற்கே அமைந்த த்வாண்டே போன்ற கழிமுக ஊர்களின் நெல் வயல்களில் விளைந்த வருவாய், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் நடைபெற்ற திருமணங்களில் எவ்வாறு செலவாயிற்று, எவ்வாறு சேமிப்பாயிற்று என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

த்வாண்டே என்ற பெயரைக் கேட்டவுடன் மியன்மார் மக்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று, யாங்கூன் ஆற்றை ஐராவதி ஆற்றோடு இணைக்கும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளக் கால்வாய்; மற்றொன்று, அவ்வூர்க் குயவர்கள் வனையும் மண்பாண்டம். 1880களில் ஆங்கிலேய ஆட்சி வெட்டிய இக்கால்வாய், கழிமுகத்து நெல்லை ரங்கூன் ஆலைகளுக்கு விரைவாகக் கொண்டுசேர்த்தது. அந்த நெல்லை விளைவித்த பர்மிய உழவருக்கு முன்பணம் தந்தவர்களுள் முதன்மையானவர்கள் செட்டியார் என்றும் அழைக்கப்பட்ட நகரத்தார். 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் அவர்களுக்கு ஏறத்தாழ 1,650 அலுவலகங்களும் சுமார் 75 கோடி ரூபாய் முதலீடும் இருந்தன என்று மதிப்பிட்டதோடு, கீழ்ப்பர்மாவின் மக்கள் நெருங்கிய பகுதிகளில் எந்த உழவரும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியாரை அடைந்துவிடலாம் என்றும் குறித்தது. அன்று ஹந்தாவதி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த த்வாண்டே வட்டாரமும் அந்த வலைக்குள் அடங்கியதே.

கொண்டுவிற்கப் போதல் என்று அவர்கள் வழங்கிய கடல் கடந்த தொழிலில், கடையை நடத்தும் முகவர் மேலாள் எனவும், அவருக்கு அடுத்த நிலையினர் அடுத்தாள் எனவும், எடுபிடி வேலையோடு தொழில் பழகும் சிறுவன் பெட்டியடிப் பையன் எனவும் அழைக்கப்பட்டனர். இவர்களின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. மனைவி மக்கள் ஊரிலேயே இருக்க, ஆண்கள் மட்டும் கப்பலேறினர். தவணை முடிந்து ஊர் திரும்பும் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மேலும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதால், மகளின் திருமணம் எந்த ஆண்டில் நடைபெற வேண்டும் என்பதைச் சாதகம் ஒரு பாதியும் சம்பளச் சீட்டு மறுபாதியும் தீர்மானித்தன எனலாம். விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முகூர்த்தம் தேடும் இக்காலத்து நேயர்களுக்கு இந்த நெருக்கடி விளங்காமற் போகாது.

இதனினும் நுட்பமானது பணம் கைக்கு வரும் பருவம். கீழ்ப்பர்மாவில் மழை தொடங்கியதும் நடவுக்காகக் கொடுக்கப்பட்ட கடன், மார்கழி, தை மாதங்களில் அறுவடை முடிந்து நெல் விற்றபின் திரும்பிவரும். தமிழ்நாட்டில் மார்கழி கழிந்து தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கும். வெவ்வேறு காரணங்களால் அமைந்த இவ்விரு நாள்காட்டிகளும் இவ்வளவு இணக்கமாகப் பொருந்தியது தற்செயலே எனினும், பெட்டியில் பணம் சேரும் மாதத்துக்கும் பந்தல் போடும் மாதத்துக்கும் இடைவெளி குறையுமாறு திட்டமிட அது வழிவகுத்தது. கல்யாணத்துக்கு என்று தனியே கடன் வாங்காமலிருக்க இதைவிட எளிய உபாயம் வேறில்லை.

செலவுத் திட்டத்தின் தொடக்கம் நிச்சயதார்த்தத்தில் இல்லை. பெண்குழந்தையின் பிறப்பிலேயே இருந்தது. பெண்ணுக்கெனப் பிறந்த வீடு ஒதுக்கிய சீதனப் பணம், பெட்டகத்தில் உறங்காமல், நம்பகமான ஒரு விலாசத்தில், அதாவது முதலெழுத்துகளால் அறியப்படும் வணிக நிறுவனத்தில், வட்டிக்கு விடப்பட்டது. கேட்டபோது திருப்பித் தரும் வைப்புக்கு நடப்பு வட்டியும், குறித்த காலத்துக்கு விடும் வைப்புக்குத் தவணை வட்டியும் வழங்கப்பட்டன. நடப்பு வட்டியின் வீதத்தை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி அவர்களே நிர்ணயித்தனர். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வட்டியில் இடப்பட்ட 1,000 ரூபாய், 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 ரூபாயும், 18 ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000 ரூபாயும் ஆகும். பெண்ணின் மண வயதை 14 ஆக உயர்த்திய சாரதா சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தபோது அதைப் பற்றி எழுந்த வாதங்களில் இக்கணக்கு இடம்பெறவில்லை என்றாலும், திருமணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டால் வட்டி என்ன செய்யும் என்பதை வட்டித் தொழில் தெரிந்த குடும்பத்துக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

அப்பணம் மணமான பின்பும் பெண்ணின் பெயரிலேயே கணக்கில் நின்றது என்பது கருதத்தக்கது. நகரத்தாரின் வணிகத்தை ஆராய்ந்த டேவிட் ரட்னரும், நகரத்தார் பெண்களின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் ஆராய்ந்த யுகோ நிஷிமுராவும் இந்தச் சமூகத்தில் திருமணமும் முதலீடும் பிரித்தறிய முடியாதவாறு பின்னியிருந்ததை விரிவாகக் காட்டியுள்ளனர். கணவர் மூன்று ஆண்டுகள் கடலுக்கு அப்பால் இருக்க, ஊரில் வீட்டை நடத்திய ஆச்சிமார், வட்டியைக் கணக்கிட்டுக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களாக இருந்ததில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம்விட ஆர்வமூட்டுவது அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து. உரைக்கான நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க நேர்வதை நேயர்கள் பொறுத்தருள்வார்களாக. நகரத்தார் திருமணத்தில் எழுதப்படும் முதன்மையான ஆவணம் இசைகுடிமானம் எனப்படுவது. முன்னாளில் பனையோலையிலும் பின்னாளில் தாளிலும் எழுதப்பட்ட இந்த ஒப்பந்தம், நாள், மணமக்களின் பெயர், இரு வீட்டாரின் ஊர், அவர்கள் சார்ந்த கோயில் ஆகியவற்றைக் கூறி, இரு தரப்புப் பெரியவர்களின் கையொப்பத்தோடு நிறைவுறும். நகரத்தார் இளையாத்தங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களின் வழியே பிரிவுகளாக அறியப்படுவதால், எந்தக் கோயிலுக்கு உரியவர் என்பது மணவுறவை முடிவுசெய்யும் அடிப்படைச் செய்தியாயிற்று. மணநாளன்று இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும். அம்மாலையே அத்திருமணத்தைக் கோயிலும் சமூகமும் ஏற்றதற்கான சான்று. மணமான தம்பதியர் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக, அதாவது வரி செலுத்தும் ஒரு குடும்ப அலகாகச் சேர்க்கப்படுவர். மனைவியை இழந்தவர் அரைப்புள்ளியாகக் கணக்கிடப்படுவார். மனித வாழ்வை அரை என்ற பின்னத்தால் குறிப்பது இன்று கடுமையாகத் தோன்றினாலும், கடலின் இருபுறமும் சிதறிக்கிடந்த ஒரு சமூகம் தன் தலைக்கணக்கைத் தானே வைத்திருந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அடுத்தது மொய்ப்பண ஏடு. நேயர்களுள் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தவர் மொய் என்றதும் பேராவூரணி வட்டாரத்து மொய்விருந்தையும், ஆயிரங்களிலும் இலட்சங்களிலும் எழுதப்படும் தொகைகளையும் நினைப்பார்கள். நகரத்தாரின் மொய்ப்பணம் அத்தகையதன்று. பெரும்பாலும் சிறிய தொகை, ஆனால் தவறாமல் எழுதப்படுவது. பங்காளி யார், தாயபிள்ளை யார், எந்த ஊர் என்பவை வரிசையாகப் பதிவாகும் இந்த ஏட்டின் பயன் பணத்தில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் பழைய ஏட்டைப் புரட்டினால், அழைக்கப்பட வேண்டியவர் பட்டியல், அவர்களுக்குச் செய்ய வேண்டிய முறை, சென்ற திருமணத்தில் அவர்கள் செய்த முறை ஆகிய அனைத்தும் கிடைத்துவிடும். ரங்கூனில் இருக்கும் தந்தை ஊரில் இருக்கும் தமையனுக்குக் கடிதம் எழுதி, மூத்தவளின் கல்யாண ஏட்டைப் பார்த்து அதன்படியே செய்க என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய வசதி இதனால் உண்டாயிற்று. செலவுத் திட்டம் என்பது எதிர்காலத்தைப் பற்றிய ஊகம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். நகரத்தார் அதை நடந்து முடிந்த கல்யாணத்தின் கணக்கிலிருந்து படியெடுத்தனர். இன்று ஒரு மண்டபத்துக்கும் ஒரு சமையற்குழுவுக்கும் விலை கேட்டு, அந்த விலைகளைக் கூட்டிப் பத்து விழுக்காடு சேர்த்துத் திட்டம் என்று பெயரிடுவோர், சென்ற ஆண்டு தம் உறவில் நடந்த திருமணத்தின் உண்மையான செலவேட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்தால், இலைக்கணக்கு எங்கே தவறியது, வண்டிச் செலவு ஏன் இரட்டித்தது என்பவை தாமே தெரிந்துவிடும்.

வேறு வைத்தல் என்ற வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விட இயலாது. மணமான மகனும் மருமகளும் அதே பெரிய வீட்டில் தமக்குரிய அறையைப் பெற்று, தனி அடுப்பில் சமைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்படும் அரிசியையும் பிற பொருள்களையும் கொண்டு குடித்தனம் நடத்துவர்; சொத்து பிரிவதில்லை, சமையல் மட்டும் பிரியும். திருமணத்துக்கான பட்டியலில் தாலிக்கும் விருந்துக்கும் இடமுண்டு, மறுநாள் தொடங்கும் குடித்தனத்துக்கு இடமில்லை என்பது இன்றைய திட்டங்களின் பெருங்குறை. நகரத்தாரின் கணக்கிலோ முதல் ஆண்டின் மளிகையும் கல்யாணத்தோடு சேர்ந்தே யோசிக்கப்பட்டது.

இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் சிக்கனமாகக் கல்யாணம் செய்தார்கள் என்று கொண்டால் அது பிழையாகும். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகளின் வளவுகளில் நாள்கணக்கில் நடைபெற்ற விருந்துகளும், பல உருப்படிகளைக் கோத்துச் செய்த கழுத்திரு என்னும் பொன் அணியும், பித்தளை, வெள்ளி, எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்களாக அறையறையாய்ப் பரப்பிவைக்கப்பட்ட சீர்வரிசையும் பர்மாப் பணத்தின் வெள்ளத்தில் பெருகியவையே. ஒரு வீட்டார் வைத்த சாமானைவிட மறு வீட்டார் கூடுதலாக வைக்கும் போட்டியில் பெண்ணைப் பெற்றவர்கள் நசுங்கினர். எழுதிவைக்கும் பழக்கமே, சென்ற முறை இவ்வளவு வந்தது என்று ஏட்டைக் காட்டிக் கேட்பதற்கும் கருவியாயிற்று. இருப்பினும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும்: அந்த வீடுகளே மண்டபமாகவும் பாத்திரக் கிடங்காகவும் தலைமுறைக்குத் தலைமுறை பயன்பட்டதால், வாடகை என்ற இனம் அவர்கள் செலவேட்டில் ஏறக்குறைய இல்லாதிருந்தது.

அவர்கள் திட்டம் தோற்றது வேறோர் இடத்தில். வைப்பும் வட்டியும் சீதனமும் ஒரே நாட்டின் ஒரே பயிரை நம்பி நின்றன. 1930இல் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. பர்மிய உழவரின் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் ஆழமானது. த்வாண்டே வயல்களை இழந்த குடும்பங்களின் வீட்டிலும் கல்யாணங்கள் நடக்க வேண்டியிருந்தன என்பதை இக்கணக்கு எழுதுவோர் மறத்தலாகாது. நிலம் வந்தது, ரொக்கம் வரவில்லை; நிலத்தைக் கொண்டு ஊரில் தாலி வாங்க முடியாது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. விடுதலைக்குப் பின் நிலங்கள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. கடைகளும் நாட்டுடைமையாக, ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர் அந்நாட்டை விட்டுப் புறப்பட்டனர். நகை கொண்டுசெல்வதற்கும் கடுங்கட்டுப்பாடு இருந்தது. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை நோட்டாக வைத்தவர் நோட்டையும், பொன்னாக வைத்தவர் பொன்னையும் இழந்தனர்; அப்படித் திரும்பியவர்களுள் சிலர் சென்னைப் பர்மா பஜாரில் கடை விரித்து மறுபடி தொடங்கினர். 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் அவ்வாறே செல்லாதவையாயின.

அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள், இன்று யாங்கூனிலோ ஆற்றுக்கு அப்பாலுள்ள தலா, த்வாண்டே பகுதிகளிலோ திருமணம் நடத்த, தமிழ்நாட்டு உறவினர் கடல் கடந்து வருவதாக இருந்தால், கணக்கு தலைகீழாகிறது. பந்தலுக்கு வேண்டிய பொருள்களில் எது அங்கேயே கிடைக்கும், எது பெட்டியில் ஏற வேண்டும் என்று பிரிப்பதே முதல் வேலை. வாழை, தென்னை, வெற்றிலை, பூ ஆகியவற்றுக்குக் கழிமுகத்தில் பஞ்சமில்லை. மணமேடையில் அடுக்கும் அரசாணிப் பானைக்கும் முளைப்பாலிகைக்கும், குயவர் ஊரான த்வாண்டேயில் இருப்பவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசிக் கோலமிட்டுவிட்டால் போதும். தாலியும் கூறைப்புடவையும் நாதசுவரக் கலைஞரும்தான் கடலைக் கடக்க வேண்டியவர்கள். யாங்கூன் அனவ்ரத்தா சாலையில், 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் உள்ளிட்ட கோயில்கள் இருப்பதால், சடங்கை நகரத்தில் முடித்து விருந்தை ஊரில் வைப்பதும் இயலும். ஆயின், ஆற்றைக் கடப்பதற்கான நேரத்தை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

மாதத் தேர்வில் ஒரு சுவையான நுட்பம் உண்டு. பௌத்தரின் மழைக்கால நோன்பு ஏறத்தாழ சூலை முதல் அக்டோபர் வரை நீடிக்கும். அக்காலத்தில் பர்மியர் திருமணம் செய்வதில்லை. தமிழருக்கு ஆடி ஆகாது. ஆவணியோ உகந்த மாதம். ஆகவே ஆவணி முகூர்த்தத்தில் மண்டபத்துக்கும் சமையற்காரருக்கும் போட்டி குறைவு, பேரம் பேசுவதற்கு இடம் மிகுதி; ஈடாகப் பருவமழையை ஏற்றுக்கொண்டு, கூரைக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். சித்திரையின் பிற்பகுதியும் வைகாசியும் வங்கக் கடற்புயலின் காலம். 2008 மே மாதத் தொடக்கத்தில் ஐராவதிக் கழிமுகத்தை நாசமாக்கிய நர்கிஸ் புயலை அப்பகுதியினருக்கு நினைவூட்டத் தேவையில்லை. அம்மாதங்களில் தேதி குறிப்போர், முன்பணம் வாங்குவோரிடம் நாள் மாற்றினால் தொகை என்னாகும் என்பதைத் தாளில் எழுதி வாங்குவது நல்லது.

நேரம் குறைந்துவருவதால் எஞ்சியவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். மியன்மாரின் மத்திய வங்கி 2022 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்தது. சந்தை விலையோ பின்னர் 4,000ஐக் கடந்தது. ஆகவே, செலவேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் நேரே அது எந்த நாணயத்தில் செலுத்தப்படும் என்று குறிக்காத திட்டம் கூட்டல் சரியாக இருந்தும் பயன்படாது. இந்தியாவுக்கு வந்து மணமுடிப்போர் சுங்க விதியைப் படிக்க வேண்டும்: 2016ஆம் ஆண்டின் விதிகள், பிற நாடுகளிலிருந்து வரும் இந்திய வம்சாவளிப் பயணிக்கு 50,000 ரூபாய்ப் பொருள் வரை தீர்வை விலக்கு அளித்தபோது, நேபாளம், பூட்டான், மியன்மார் ஆகியவற்றிலிருந்து வருவோருக்கு அதை 15,000 ரூபாயோடு நிறுத்தின, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்தவர் கொண்டுவரும் நகைக்குப் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று தனி அளவு வைத்தன. இவ்விதிகள் மாறுபவை, பயணச்சீட்டு வாங்கும்போதே நடப்பு விதியைப் பார்த்துக்கொள்க. தமிழ்நாட்டில் நடைபெறும் எம்மதத்தவர் திருமணத்தையும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், மணமக்கள் திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்பே பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பரண்களில் மொய்ப்பண ஏடுகளும் இசைகுடிமானங்களும் கல்யாணச் செலவுச் சிட்டைகளும் இன்னும் இருக்கக்கூடும். வீடு இடிக்கும்போது அவை பழைய காகிதக்காரரின் தராசுக்குப் போகாமல், கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து உருவாகிச் சென்னையில் இயங்கிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்பலாம். கொடுக்க மனமில்லாதவர்கள், கைப்பேசியால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொண்டால்கூட, அடுத்த கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்பதற்கு அதுவே போதும்.